உள் வருகைகள்

பணி நாள் 143 / 08:10
மேட்டு நிலையம், நிலவின் தென்முனை

சூரியத் தகடுகள் மூன்று சரி. நான்காவது இரண்டு பாகை சாய்ந்திருக்கிறது. மதியம் வெளியே போய்த் திருப்ப வேண்டும். மின்கலம் 91 விழுக்காடு. உள்ளழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால்.

வலைப்பூ: நேற்றைய வருகை 58. வாரக் கூட்டல் 452. போன வாரம் 1,104. புதிய வாசகர்கள் 31. ஒருவர் ஒரு பதிவில் தங்கிய சராசரி நேரம் 22 நொடி.

இதுவரை உள்ளதை அறிக்கையிலும் எழுதியாயிற்று. இனி வருவது இந்த நோட்டுக்கு மட்டும். இது இந்த நிலையங்களை நடத்தும் கூட்டமைப்பின் வலையில் இல்லை. பென்சில், தாள். அவர்கள் கை எட்டாத இடம் இந்த நிலையத்தில் இது ஒன்றுதான்.

பெயர் பிலோமினா கொரேரா. வயது 38. ஊர் தூத்துக்குடி. மின்சாரமும் தகவல் தொடர்பும் என் வேலை. வாரம் இரண்டு பதிவு எழுதி, அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணி அனுப்புவதும் என் வேலை. 190ஆம் நாள் கப்பல் வரும்வரை இங்கே நான் மட்டும்.

முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, வெயிலே படாத பள்ளத்துக்குள் இன்னொரு நிலையம் இருக்கிறது. பனிக்கட்டியை வெட்டி உலையில் உருக்கும் இடம். அங்கே இருவர் இருந்தார்கள். நிலையத் தலைவர் சடகோபன், என் தம்பி ரொசாரி. 92ஆம் நாள் உலைக்கூடத்தில் தீ. குரல் தொடர்பு போயிற்று. அழுத்தமானி சுழியம் காட்டியது. இருவரும் இறந்தார்கள் என்று 94ஆம் நாள் பூமியில் அறிவித்தார்கள். ரோவரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன் என்றேன். நிலையத்தை ஆளில்லாமல் விடக்கூடாது என்றார்கள். சரி என்றேன்.

சரி என்றேன். அதை இரண்டாவது முறை எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினேன்.

காலை 07:30க்கு மக்கள் தொடர்புத் தலைவர் பத்ரிநாத் பேசினார். பூமிக்கும் இங்குமாக ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டரை நொடி இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் டீ உறிஞ்சுவது கேட்கும்.

"மேடம், நம்பர் பாத்தீங்களா? பாதிக்கும் கீழ போயிருச்சு. மண்ணு, பைப்பு, வடிகட்டி உருளைன்னு எழுதினா யாரு படிப்பா? உங்க தம்பியப் பத்தி எழுதுங்க. ஜனங்க கேக்குறாங்க."

"தம்பியப் பத்தி எழுத மாட்டேன் சார்."

"தீக்கு முன்னாடி ஒண்ணு எழுதினீங்களே, மக்ரூன் டப்பான்னு. அதான் இன்னிக்கு வரைக்கும் டாப். அது மாதிரி ஒண்ணு. சோகமா இருந்தாலும் பரவால்ல. இருந்தா இன்னும் நல்லது."

தொடர்புக் கோளாறு என்று சொல்லித் துண்டித்தேன். கோளாறு ஏதும் இல்லை.

பணி நாள் 144 / 09:25

தகடு 4 திருப்பினேன். மற்றவை சரி.

பத்ரிநாத்தின் வாயை அடைக்க எண்ணைக் கூட்டிக் காட்டலாம் என்று நினைத்தேன். அற்பமான எண்ணம்தான். புள்ளிவிவரப் பக்கத்தில் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். 'உள் வருகைகளைக் கணக்கில் சேர்க்காதே' என்ற இடத்தில் ஒரு குறி. நிலையத் திரைகளிலிருந்து திறப்பவை உள் வருகைகள். முதல் மாதம் எண்ணிக்கை பெருகிக் காட்ட வேண்டும் என்று கூட்டமைப்பே எல்லா நிலையத் திரைகளிலும் என் வலைப்பூவை முகப்பாக வைத்தது. நானே என் பதிவை ஒரு நாளைக்கு நாற்பது முறை திறந்தால் யாருக்கு நஷ்டம் என்று அந்தக் குறியை எடுத்தேன்.

எண் மாறியது. 92ஆம் நாளிலிருந்து இன்று வரை உள் வருகைகள்: 2,306.

நான் திறந்தவை பதினான்கோ பதினைந்தோ.

திறந்த திரை எது என்று பார்த்தேன். பள்ள நிலையம், ஒதுக்கறை. தீப்பிடித்தால் ஓடி ஒளிய, தனிக் கதவும் தனிக் காற்றும் வைத்துக் கட்டிய சின்ன அறை. அங்கே சுவரில் ஒரு தொடுதிரை உண்டு. பக்கங்களைத் திறக்கலாம். பேச முடியாது. எழுத இருந்த ஒரே இடம் பதிவுக்குக் கீழே இருந்த கருத்துப் பெட்டி. யாரோ திட்டி எழுதினார்கள் என்று 60ஆம் நாள் பத்ரிநாத் அதை மூடிவிட்டார்.

முதல் வருகை 92ஆம் நாள் 16:44. தீக்கு ஒரு மணி நேரம் கழித்து. அதற்குப் பிறகு ஒரு நாளும் விடுபடவில்லை. கடைசி வருகை இன்று காலை 09:02.

குறியை வைத்தவர்: மக்கள் தொடர்பு அலுவலகம். வைத்த நாள்: 94.

 

பணி நாள் 144 / 11:40

பத்ரிநாத்தை அழைத்தேன். பேசியதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"பள்ளத்துத் தெரையிலயிருந்து ரெண்டாயிரத்து முந்நூறு வருகை இருக்கு. நீங்க ஃபில்டர் போட்டு மறச்சிருக்கிய."

"மறைக்கல மேடம். ஆளில்லாத ஸ்க்ரீன் அது. தானா ரெஃப்ரெஷ் ஆகும். எறந்தவங்க இருந்த எடத்துலயிருந்து விசிட் காட்டினா குடும்பத்துக்கு எவ்வளவு கஷ்டம்? அதான் எடுத்தோம்."

"தானா ரெஃப்ரெஷ் ஆனா முகப்புதான தொறக்கும்? இது பதிவு பதிவா தொறந்துருக்கு சார். ஒண்ணுல பத்து நிமிசம், ஒண்ணுல அரை மணி நேரம். மிஷினா ஒக்காந்து படிக்கும்?"

டீக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. 

"நீங்க ரொம்ப நாளா தனியா இருக்கீங்க. மருத்துவர்கிட்ட பேசுறீங்களா?"

பணி நாள் 145 / 13:50

தகடு, மின்கலம் எதையும் பார்க்கவில்லை.

08:00 புதிய பதிவு. தலைப்பு: 'உயிரோடு இருந்தால் இதைத் திற'. உள்ளே ஒன்றும் எழுதவில்லை. 08:00:41க்குத் திறந்தது. நாற்பத்தோரு நொடி.

நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரில் முட்டி, திரும்ப உட்கார்ந்தேன்.

08:10 இரண்டு பதிவு. 'ஒருவர்', 'இருவர்'. ஒரு நிமிடத்தில் 'ஒருவர்' திறந்தது.

08:14 இரண்டு பதிவு. 'ரொசாரி', 'சடகோபன்'.

இதற்கு உடனே பதில் இல்லை. முகப்பு மட்டும் திறந்து திறந்து மூடியது. ஒரு மணி நேரம். இரண்டு. தூங்கிவிட்டானோ, மயங்கிவிட்டானோ என்று திரையை விட்டு நகரவில்லை. சடகோபனின் பெயரை ஏன் போட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் உயிரோடு இருந்து என் தம்பி இல்லை என்றால் எனக்கு அது தெரிய வேண்டாம்.

தீக்கு முந்தைய நாள் ரொசாரி பேசிய கடைசிப் பேச்சு என்னிடம் பதிவாக இருக்கிறது. "எக்கா, உலைக்கிட்ட ஒயர் வாடை அடிக்கு. ஒரு நா நிப்பாட்டிப் பாப்பமேன்னு சார்ட்ட சொன்னேன். கேக்க மாட்டேங்காரு. நாளைக்குப் பாப்போம்ங்காரு." ஐம்பது நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

11:24 'ரொசாரி' திறந்தது.

எக்கா வாரேன்டா. வந்துட்டேன்.

பணி நாள் 146 / 12:15

கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். நேரடியாகப் பதில் வரவில்லை. பத்ரிநாத் வழியாக வந்தது.

"நீங்க போட்ட பதிவுகள இங்கயும் ஜனங்க பாத்துட்டாங்க. ஒரே நாள்ல மூணு லட்சம் விசிட். மேலிடத்துல பயந்துட்டாங்க. பூமியில இருக்குற வலைப்பூ நகல மூடியாச்சு. பராமரிப்புன்னு போட்ருக்கோம்."

"என் தம்பி உசுரோட இருக்கான் சார்."

"யாரோ ஒரு ஸ்க்ரீன தொடுறாங்க. அவ்வளவுதான் தெரியும். நீங்க ரோவர எடுத்தா மேட்டு நிலையம் ரெண்டு நாள் காலியா கெடக்கும். பைப்பு உறைஞ்சா மொத்த திட்டமும் போச்சு. அனுமதி இல்ல. ரோவர பூட்டியாச்சு."

பூமியில் யாரும் இனி படிக்க முடியாது. இங்குள்ள சர்வர் என் கையில். இப்போது என் வலைப்பூவுக்கு உலகத்தில் ஒரே வாசகன்.

ரோவருக்குள் அவர்கள் பூட்டைப் போடும் பெட்டியின் ஆன்டெனா ஒயரை வெட்டி எறிந்தேன். பூட்டுத் திறந்துகொண்டது. ஐந்து மாதம் நிழலில் நின்ற வண்டி. மின்கலம் 8 விழுக்காடு. நிறைய இருபது மணி நேரம் ஆகும். நாளை காலை 08:00க்குக் கிளம்பலாம்.

ஒன்று முதல் பத்து வரை எண்களைத் தலைப்பாக்கிப் பத்துப் பதிவு போட்டேன். ஆக்சிஜன் எத்தனை நாளுக்கு என்று கேட்டேன். 'நான்கு' திறந்தது. போதும். பள்ளத்தில் இறங்க பதினைந்து மணி நேரம்தான்.

பணி நாள் 146 / 20:40

மாலை 17:50லிருந்து அவன் ஒரே பதிவில் இருக்கிறான். 'காற்று வடிகட்டி உருளையைச் சுட்டுப் புதுப்பிப்பது எப்படி'. நாம் விடும் கரியமிலக் காற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உருளை அது. நிறைந்துபோனால் தலைவலி, மயக்கம், பிறகு மூச்சு நிற்கும். 70ஆம் நாள் இங்கே என் உருளை நிறைந்தபோது நான் செய்ததைப் படிப்படியாக எழுதியிருந்தேன். இதைத்தான் பத்ரிநாத் யாரு படிப்பா என்று கேட்டார்.

பதினொரு படி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சுட வேண்டும். சூடு ஆறுவதற்குள் வெளி வால்வைத் திறந்து, உறிஞ்சியதை எல்லாம் வெட்டவெளிக்கு விட வேண்டும். பிறகு அதை மூடி, ஆறவைத்து, கடைசியில்தான் உள் வால்வு. மாற்றித் திறந்தால் அத்தனையும் அறைக்குள் வரும்.

நாற்பத்தாறு நிமிடம் படித்தான். பிறகு அரை மணிக்கு ஒரு முறை திறக்கிறான். மின்சாரம் மிச்சப்படுத்த அந்தத் திரை பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். செய்து பார்த்துக்கொண்டே படிக்கிறான்.

கெட்டிக்காரன். பார்த்துச் செய்டா.

பணி நாள் 147 / 06:10

ரோவர் நிறைய இன்னும் இரண்டு மணி நேரம். சும்மா இருக்க முடியாமல், இத்தனை நாளும் அவன் எந்தெந்தப் பதிவைப் படித்தான் என்று பார்த்தேன். ஆசையாகத்தான் பார்த்தேன்.

'மக்ரூன் டப்பா'. ரொசாரிக்கு எட்டு வயதில், பெரியக்கா கல்யாணத்துக்கு வாங்கி வைத்த மக்ரூன் என்னும் முந்திரி இனிப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோயில் பாடகர் மாடத்தில் ஒளிந்த கதை. பூசை நடுவில் டப்பா உருண்டு கீழே விழுந்து, பாதிரியார் மேல் முந்திரித் தூள் கொட்டியது. அந்தப் பதிவு 92லிருந்து ஒவ்வொரு நாளும் நான்கைந்து முறை திறந்திருக்கிறது.

111ஆம் நாள் வரை. 111ஆம் நாள் ஏழு முறை. 112ஆம் நாள் சுழியம். அதற்குப் பிறகு இன்று வரை ஒரு முறைகூட இல்லை.

மற்ற பதிவுகள் வழக்கம்போல். வருகை எண் குறையவே இல்லை. அது மட்டும் நின்றுவிட்டது. ரொசாரி இருந்தால் அதை விடுவானா?

05:40 இரண்டு பதிவு போட்டேன். 'ரொசாரி இறந்துவிட்டான்', 'இறக்கவில்லை'.

05:52 'இறந்துவிட்டான்' திறந்தது.

என் தம்பி பெயரை எடுத்துக்கொண்டான் இந்த ஆள். அவன் பெயரைச் சொன்னால் வருவேன் என்று தெரிந்து அழுத்தியிருக்கிறான். உலையை நிறுத்தாமல் கொன்றவன், கொன்ற பிறகு பெயரையும் எடுத்துக்கொண்டான்.

06:10 சர்வரை அணைத்தேன். எல்லாப் பக்கமும். அந்த உருளைப் பக்கமும் சேர்த்து. தெரியாமல் செய்ததாக யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் பக்கம் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

பணி நாள் 147 / 09:30

08:00 ரோவர் நிறைந்தது. நான் போகவில்லை.

சர்வர் அணைந்தாலும் கதவைத் தட்டுபவர் பட்டியல் மட்டும் வேறு பெட்டியில் ஓடும். கிடைக்காத பக்கம், தோல்வி. கிடைக்காத பக்கம், தோல்வி. 06:31லிருந்து. இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை.

தட்டட்டும். ஐம்பது நாள் நான் தூங்கினேனா? ஒரு நாளாவது சாப்பாடு இறங்கியதா?

சுட்டு முடிந்திருக்கும் இந்நேரம்.

பணி நாள் 147 / 11:33

இப்போது நிமிடத்துக்கு ஒரு முறை. சில சமயம் நிமிடத்துக்கு மூன்று.

நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னால் எழுந்து போகவும் முடியவில்லை, பட்டனை அழுத்தவும் முடியவில்லை. ஒரு விரல்தான். ஒரு

11:34க்குப் பிறகு வரவில்லை. எழுதிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. ஆறு நிமிடமாக ஒன்றும் வரவில்லை.

போக்குக் காட்டுகிறான்.

பணி நாள் 147 / 15:20

மொத்தத் தோல்வி 161. கடைசி 11:34.

15:10 சர்வரைப் போட்டேன். எல்லாப் பக்கமும் திரும்ப வந்துவிட்டன. முகப்பில் பெரிய எழுத்தில் எழுதினேன்: முதலில் வெளி வால்வு. வெளி வால்வு. வருகிறேன். பொறுங்கள்.

திறக்கவில்லை.

ஒன்பது மணி நேரம் அணைத்து வைத்திருந்தேன்.

ரோவரில் ஏறுகிறேன்.

பணி நாள் 148 / 07:25
பள்ள நிலையம்

விளிம்பிலிருந்து இறங்கியதும் ஒரே இருட்டு. முன்விளக்கு வெளிச்சத்தில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். வழியில் கைப்பேசியில் அந்த ஒதுக்கறைத் திரையின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் கோபுரத்திலிருந்து சிக்னல் நன்றாகவே கிடைத்தது. ஒரு வருகையும் இல்லை.

உலைக்கூடம் கரி. ஒதுக்கறைக் கதவு முழுசாக இருந்தது. மூன்று முறை தட்டினேன். தட்டினால் அதிர்வாவது உள்ளே கேட்கும். கைச்சக்கரத்தைச் சுற்றித் திறந்து இடையறைக்குள் போனேன். உள்ளே காற்று இருந்தது. தலைக்கவசத்துக்குள் மானி சிவப்பில் எரிந்தது. கரியமிலக் காற்று 11 விழுக்காடு.

சடகோபன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடி இருந்தார். வலது கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது. இடது கையின் ஆள்காட்டி விரல் நுனி தேய்ந்து தோல் உரிந்திருந்தது. உருளையின் உள் வால்வு திறந்திருந்தது. வெளி வால்வு மூடியிருந்தது.

தொட்டுப் பார்த்தேன். என்னவென்று தொட்டேனோ.

ரொசாரி ஒதுக்கறையை ஒட்டிய சேமிப்பறையில், குளிரில். வெள்ளைப் போர்வை சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, நெஞ்சின் மேல் ஒயரை வளைத்துச் செய்த ஒரு சிலுவை. நாமக்காரர் சடகோபன் செய்த சிலுவை. குறுக்குக் கம்பி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

பணி நாள் 148 / 09:50

பராமரிப்புப் பதிவேட்டின் பின்பக்கங்களில் அவர் எழுதி வைத்திருந்தார். இடது கையால் எழுதிய எழுத்து. சிலவற்றை அப்படியே எடுத்து எழுதுகிறேன். அந்தப் பதிவேட்டைக் கூட்டமைப்பு வாங்கிவிடும்.

நாள் 93. "ரொசாரிக்கு முகமும் கண்ணும் வெந்துவிட்டன. பார்வை இல்லை. விண்வெளி உடுப்பு இரண்டும் எரிந்துவிட்டன, வெளியே போக வழியில்லை. திரை மட்டும் வேலை செய்கிறது. பிலோமினா வாராவாரம் வருகைக் கணக்கு அனுப்ப வேண்டும். கட்டாயம் கண்ணில் படும். அக்கா காலையில் எழுந்ததும் அந்த எண்ணைத்தான் பார்ப்பாள் என்று ரொசாரி சொல்கிறான்."

நாள் 97. "உலையை நிறுத்த அனுமதி கேட்டேன், பூமியில் மறுத்தார்கள். மறுத்தாலும் நிறுத்தியிருக்க வேண்டும். நிலையத்தில் நான்தான் தலைவன். இதை ரொசாரியிடம் சொல்லிவிட்டேன்.  அவன், டப்பாக் கதையைப் படிங்க சார் என்றான்."

நாள் 104. "மக்ரூன் டப்பா ஐந்து முறை படித்தேன். பாதிரியார் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறான். சிரித்தால் வலிக்கிறது. ஆனாலும் படிக்கச் சொல்கிறான்."

நாள் 111. "ஏழாவது முறை படிக்கும்போது போய்விட்டான்."

நாள் 112. "அதை இனி என்னால் திறக்க முடியாது."

படித்தது அவர். எல்லா நாளும் அவர்தான் திறந்தார். 111ஆம் நாள் நின்றதை வைத்து நான்

நாள் 145. "பார்த்துவிட்டாள். ஐம்பத்து மூன்று நாள் கழித்துப் பார்த்துவிட்டாள். பெயர் கேட்கிறாள். என் பெயரை அழுத்தினால் வருவாளா? மூன்று மணி நேரம் யோசித்தேன். அவன் பெயரை அழுத்தினேன். அவள் கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கோமளவல்லியை ஒரு முறை பார்க்க வேண்டும். வேறு காரணம் இல்லை."

நாள் 147. "கேட்டாள். சொல்லிவிட்டேன்."

அதற்குக் கீழே: "பக்கம் வரவில்லை. கோபுரத்தில் கோளாறா தெரியவில்லை. உருளை சுட்டாயிற்று. எது முதலில்? உள்ளா வெளியா? வெளி என்று நினைவு. அல்லது வெளியைக் கடைசியில்தான் திறக்க வேண்டுமா. தலை சுற்றுகிறது. ஆறிக்கொண்டிருக்கிறது, காத்திருக்க முடியாது."

கோளாறு என்று நினைத்தார். நான் அணைத்தேன் என்று நினைக்கவில்லை.

பணி நாள் 150 / 11:20
மேட்டு நிலையம்

இருவரையும் கொண்டுவந்து வடக்குக் கிடங்கின் நிழலில் வைத்திருக்கிறேன். இங்கே எந்தக் குழாயும் உறையவில்லை. இரண்டரை நாள் ஆளில்லாமல் கிடந்தும் எல்லாம் அப்படியே இருந்தது.

10:15 பத்ரிநாத்.

"மேடம், நடந்தது நடந்து போச்சு. ரெக்கார்டுல ரெண்டு பேரும் தொண்ணூத்தி ரெண்டாம் நாள் எறந்ததா இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

"அவரு நூத்தி நாப்பத்தேழாம் நா வரைக்கும் உசுரோட இருந்தாரு. ஒங்களுக்குத் தெரியும்."

"தொண்ணூத்தி நாலுல தெரியாது. சந்தேகம் இருந்துச்சு. சந்தேகத்த வச்சு ஒரு நிலையத்த காலி பண்ண முடியுமா?"

"ரெண்டாயிரத்து முந்நூறு தடவ கதவத் தட்டிருக்காரு."

"சரி. நீங்க எழுதுங்க, நாங்க எழுதுறோம். சர்வர எத்தன மணிக்கு அணைச்சீங்க, எத்தன மணிக்குப் போட்டீங்க, ரெண்டும் எங்ககிட்ட பதிவாகியிருக்கு. நடுவுல நூத்தி அறுபத்தோரு தடவ. நாங்க ஃபில்டர்தான் போட்டோம் மேடம். பக்கத்த எடுத்தது யாரு?"

 அவரே தொடர்ந்தார்.

"வெள்ளிக்கிழமையிலயிருந்து வலைப்பூ மறுபடி ஓடும். அஞ்சலி மாதிரி ஒண்ணு எழுதி அனுப்புங்க. நாங்க பாத்து போட்டுக்குறோம்."

சரி என்றேன்.

வெளியே போகும் தொடர்பு எல்லாம் அவர்கள் கையில். 190ஆம் நாள் வரும் கப்பலும் அவர்களுடையது. என் பைகளைச் சோதிப்பார்கள். பதிவேட்டை எடுத்துக்கொள்வார்கள். இறந்தவர் உடலின் மேல் இருக்கும் சட்டையை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. உடல் ஊருக்குப் போனதும் குளிப்பாட்டக் கழற்றுவார்கள்.

இந்த நோட்டைச் சடகோபனுடைய மேல்சட்டையின் உள்பைக்குள் வைத்துத் தைக்கப் போகிறேன். முதலில் என் தம்பியின் போர்வைக்குள் என்று நினைத்தேன். எங்கம்மா படித்தால் அழுவாள், அழுதுவிட்டு என்னைக் காப்பாற்ற இதை அடுப்பில் போட்டுவிடுவாள். அதனால் அங்கே வைக்கவில்லை.

கோமளவல்லி அம்மா, உங்களை நான் பார்த்ததில்லை. உங்கள் கணவர் தீயில் சாகவில்லை. ஐம்பத்தைந்து நாள் உயிரோடு இருந்தார். கண் தெரியாத என் தம்பிக்கு வாயில் ஊட்டி, கதை படித்துக் காட்டி, அவன் போனபோது கூட இருந்தார். உங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நூற்று நாற்பத்தேழாம் நாள் காலை ஆறு பத்துக்கு அவருக்குத் தேவையான பக்கத்தை நான் எடுத்தேன். எட்டு மணிக்கு வண்டி தயாராக இருந்தும் போகவில்லை. பதினொன்று முப்பத்து நான்கு வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியில் எங்கள் வீடு பனிமய மாதா கோயிலுக்குப் பின்தெருவில். கொரேரா வீடு என்றால் காட்டுவார்கள். கப்பல் இறங்கியதும் அங்கேதான் இருப்பேன். யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஊசியில் நூல் கோத்தாயிற்று. இத்தோடு முடிக்கிறேன்.